வெயிலுக்குப் போன மோட்டார் சைக்கிள்கள்

பனி அள்ளும் ஷவலை எடுக்க இன்று காலை கராஜைத் திறந்தேன். பெற்றோல் மணம் முகத்தில் அடித்தது. உன் மோட்டார் சைக்கிள் போர்வைக்குள் நிற்கிறது. உன் நோத்ர-டாம்-த-கிரேஸ் அப்பார்ட்மெண்டில் வைக்க இடமில்லை என்று ரொக்ஸ்பரோவுக்கு, என் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாயே, அதே மூலையில்தான். ஷவலை மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழும்போது உனக்கு விசர் பிடிக்கும். நாம் வேலைசெய்த துறைமுகத்துக் களஞ்சியத்தில் சாப்பாட்டு நேரத்தில் புளோரிடாவைத் தவிர வேறு கதை இல்லை. "ரெண்டு மோட்டார் சைக்கிளையும் லொறியில ஏத்தி அனுப்புவம் மச்சான். நாங்கள் பிளேன்ல பின்னால போவம். ரெண்டு கிழமை வெயிலுக்குள்ள ஓடுவம்." நானும் ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வைத்திருந்தேன். மகளின் பள்ளிக்கூடச் சோதனை, வீட்டுக் கூரை, என் முதுகு.

கடைசியில் ஒரு நவம்பரில் லொறி வந்தேவிட்டது. நீ என்னைக் கேட்காமலே உன்னுடையதோடு என் மோட்டார் சைக்கிளையும் பதிந்திருந்தாய். டாங்கில் கால்வாசிக்கு மேல் பெற்றோல் இருக்கக் கூடாது என்று சொன்ன லொறிக்காரர், ஒரு கியூபெக் கிழவர், மீற்றரைப் பார்த்து எத்தனை கிலோமீற்றர் என்று தாளில் எழுதிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பெட்டி கட்டிய கை உனக்கு. அவர் கட்டிய பட்டிகளை எல்லாம் ஒருமுறை இழுத்துப் பார்த்தாய். மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சமாளித்து நீதான் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தாய்.

டிசம்பர் பதினெட்டில் போவோம் என்றாய். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"மார்கழியில ஒண்டும் தொடங்கக் கூடாதடா. தைப்பொங்கல் முடியட்டும், பேந்து போவம்."

கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன் நான். நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "நீ எப்ப தொடக்கம் மார்கழி பாக்கிறனி?" என்று சிரித்தாய். உடனே போனை எடுத்தாய். தை பிறந்த பிறகு ஒரு நாளுக்கு ரிக்கற்றை மாற்றினாய்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, காரை மூடிய பனியைத் தள்ளிக்கொண்டிருந்த நீ விழுந்தாய், பிறகு எழும்பவேயில்லை. வெள்ளைத் தரையில் உன் கையுறை ஒன்று தனியாகக் கிடந்தது என்று உன் மனைவி திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். எனக்கோ வேறொன்றுதான் மண்டைக்குள் ஓடியது. டிசம்பரில் போயிருந்தால் நீ ஓடி முடித்துத் திரும்பியிருப்பாய். அந்த இரண்டு கிழமையாவது உனக்குக் கிடைத்திருக்கும். அதை உன்னிடமிருந்து பறித்தவன் நான்தான். மார்கழி அல்ல.

உண்மையை இப்போது சொல்கிறேன். வாகனங்கள் பறக்கும் பெரிய ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட எனக்குப் பயம். ஒரு கோடையில் ரொறன்ரோ போகும் பெரிய ரோட்டில் லொறி ஒன்று உரசுவதுபோல் கடந்தபோது நான் ஓரம் கட்டிவிட்டேன். மணிக்கட்டு நோகிறது என்று பொய் சொல்லி இறங்கினேன். "சரி, தேத்தண்ணி குடிப்பம்" என்றாய். ஐம்பது வயதுக்காரன் பயம் என்று எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டேன். வேறு எவரிடம் சொல்லாவிட்டாலும் உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

வசந்தத்தில் லொறி இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் திருப்பிக் கொண்டுவந்தது. கிழவர் தாளைக் காட்டினார். போன இலக்கமும் வந்த இலக்கமும் ஒன்றே. அவ்வளவு தூரம் போய் வந்தும் ஒரு கிலோமீற்றர் ஏறவில்லை. உன் மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டியைத் திறந்தேன். மழை அங்கிக்குக் கீழே ஒரு வரைபடம் இருந்தது.

மஞ்சள் பேனாவால் நம் வழியைக் கீறியிருந்தாய். எல்லாம் கரையோரச் சின்ன ரோடுகள். ஒரு இடத்தில்கூட நீ பெரிய ரோட்டைத் தொடவில்லை. வேகம் என்றால் உயிரை விடுபவன் நீ. அரை மணி ஓட்டத்துக்கு ஒரு வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் "தேத்தண்ணி" என்று எழுதியிருந்தாய். கராஜ் தரையில் அப்படியே இருந்துவிட்டேன். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் மானம் போகக் கூடாது என்று வாயே திறக்காமல் இருந்திருக்கிறாய்.

"விக்க மனமில்லை, நீங்களே வைச்சிருங்கோ அண்ணை" என்று உன் மனைவி உன் மோட்டார் சைக்கிளின் திறப்பை என்னிடம் தந்தார். போன கிழமை லொறிக் கிழவர் போன் எடுத்தார். இந்த முறையும் இரண்டு மோட்டார் சைக்கிளா என்று கேட்டார். ஒன்று என்றேன். நாளை வந்து உன்னுடையதை ஏற்றுகிறார். பிளேன் ரிக்கற்றும் எடுத்துவிட்டேன்.

"மார்கழியிலயோ?" என்று என் மனிசி கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

வரைபடம் என் ஜாக்கெட்டின் உள் பையில் இருக்கிறது. நீ போட்ட வட்டங்கள் எல்லாவற்றிலும் நிறுத்தி, தேத்தண்ணி குடித்துத்தான் போவேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.