கத்தாத சைரன்

ஞாயிற்றுக்கிழமை. கஹவத்தை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னால், மண்சரிவு வருமுன் சைரன் கத்தி எச்சரிக்க நான் பொருத்திய மழைமானியை இன்று சோதித்தேன். அந்த லயத்துச் செல்வி அக்கா அதில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். சைரன் கத்தவே இல்லை.

"பெருமழைக்குக் கத்தும்னு சொன்னியே தங்கச்சி?"

மழைமானிப் பெட்டியின் திரையில் மைனஸ் எண் நின்றது. தசம எண்ணை முழு எண்ணாக மாற்றும் மின்சுற்று அந்த மலிவு சிப்பில் இல்லை. என் நிரல்தான் மாற்றுகிறது. மழை அளவு அதில் அடங்கும் எல்லையை மீறியதும் எண் மைனஸுக்குப் புரண்டுவிட்டது. சின்ன மழைக்குக் கத்தும், மண்சரிவு மழைக்கு வாய் திறக்காது!

எண்ணைத் தானே மாற்றும் சிப்பும் உண்டு. எல்லை மீறினால் உச்ச எண்ணிலேயே நிறுத்திக்கொள்ளும். கொழும்புத் தோழி நாளை பஸ்ஸில் அனுப்புகிறாள். மாற்றிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றுவேன். அதுவரை?

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: "பெட்டிய நம்பாதீங்க. மழை புடிச்சா கீழ, சரிவுக்கு ரொம்பத் தள்ளி இருக்குற எங்க வீட்டுக்கு வந்துருங்க." வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு வீட்டையும் விடவில்லை.

இருட்டியதும் மழை பிடித்தது. அக்கா பிள்ளைகளோடு வந்துவிட்டார். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். கடைசி வீட்டு ராமையா மாமாவை மட்டும் இன்னும் காணோம். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவருகிறேன்.