பலகை விஷயத்தில் ஏழுமலை சொன்னது

கார்த்திகை 5

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. ஏரி முட்ட முட்ட நிற்கிறது. உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் மேல் போன மாதம் இரண்டு வரிசைப் பலகை வைத்தது அப்படியே. அதனால்தான் இவ்வளவு தண்ணீர். கடலில் புயல் சின்னம் என்கிறது ரேடியோ. நெல்லூர்ப் பக்கம் போகலாம், இங்கேயும் வரலாம். யாருக்கும் தெரியாது.

பலகையை எடுப்பதா, விடுவதா? ஊர் இரண்டாக நிற்கிறது. நாளை திருவள்ளூரிலிருந்து ஓவர்சியர் வருகிறார். அரை மணி நேரம்தான் இருப்பாராம். மாமா சொல்லிவிட்டார். என் மாமனார், ஊருக்கு பிரசிடெண்ட்.

"ரெண்டு பக்கத்துப் பேச்சையும் நீங்களே சொல்லிடுங்க மாப்ள. ஆளாளுக்குக் கத்திக்கினு இருந்தா பேஜாரு."

பள்ளி விட்டதும் நீர்க்கட்டி ஏழுமலையைத் தேடிப் போனேன். மதகு திறப்பது, மூடுவது, கரையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் வெகு காலமாக அவர்தான். பலகையை எடுக்கச் சொல்பவர்களில் முதல் ஆளும் அவர்தான்.

"ஒரு வரிசை மட்டும் எடுப்போம் சார். மழ வருமா வராதான்னு எனக்கும் தெரியாது. வரலேன்னா வாய்க்கா முடியற எடத்துல இருக்கற கடமடை நெலத்துக்குக் கடசித் தண்ணி கொறையும். அந்த நஷ்டத்த எல்லாருமா பிரிச்சிக்கலாம். கர ஒடஞ்சா பிரிச்சிக்க இன்னா இருக்குது?"

நல்ல பேச்சு. அதுதான் உறுத்தல்.

வாங்க வேண்டியது: சாக்பீஸ், மண்ணெண்ணெய், மனைவி கோமதிக்குத் தலைவலித் தைலம்.

கார்த்திகை 6

கூட்டம் பள்ளிக்கூடத்தில். பெஞ்சு போதவில்லை, பாதிப் பேர் தரையில். ஓவர்சியர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எங்கள் பக்கம், பலகை இருக்கட்டும் என்கிற பக்கம். போன வருஷம் ஏரி நிரம்பவில்லை. பயிர் கதிர் கட்டும் சமயம். விட்ட தண்ணீர் திரும்பி வராது. கோர்வையாக, நிதானமாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு அந்தப் பக்கம். நேற்று கேட்டதெல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது இது: "ஏழுமலை தண்ணிய எல்லாம் தொறந்து விட்டுடணும்கறார். அவர் வீடு கரைக்குக் கீழே இருக்கு. பயப்படத்தானே செய்வார்?"

சிரிப்பு. ஓவர்சியரும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க எனக்கு உற்சாகம் ஏறியதும் உண்மை.

ஏழுமலை வாசல் ஓரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். பலகை இருக்கட்டும் என்று முடிவு.

அவர் வீடு எங்கே இருக்கிறது என்று சொன்னேன். மாமா நிலம் கடைமடையில் இருப்பதைச் சொல்லவில்லை.

கார்த்திகை 7

காற்று. விட்டு விட்டுத் தூறல். பாதி வகுப்பு வரவில்லை. ஜன்னல் வழியே ஏரிக்கரை தெரிகிறது. ஏழுமலையும் அவர் மனைவியும் மண் மூட்டை தூக்கிப் போய்க் கரையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உதவிக்குப் போகலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். போகவில்லை.

கார்த்திகை 9

நல்ல வெயில். புயல் வடக்கே போய்விட்டதாம். ஏரியில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

டீக்கடையில் நாஷ்டா. பின்னால் பேச்சு:

"வாத்தியார் சொன்னது கரெக்டாப் பூட்ச்சி பாத்தியா."

"ஏழுமலைக்கு பயம் புட்ச்சிக்கிச்சி. ஏரிக்கு வேற ஆள் போடணும்."

பாதி இட்லியோடு எழுந்துவிட்டேன். மாமாவும் அதே யோசனையில். அடுத்த கூட்டத்தில் ஆளை மாற்றிவிடலாம் என்கிறார்.

கோமதி: "ஜெயிச்சிட்டு வந்து ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்குது?"

புயல் வந்திருந்தாலும் வராவிட்டாலும் நான் சொன்னது பொய். மழை பெய்யாததால் அது நிஜமாகிவிடாது.

கார்த்திகை 11

கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஏழுமலை சொன்னதை முழுசாக எழுதினேன். ஒரு வரிசை மட்டும், நஷ்டத்தைப் பிரித்துக்கொள்வது, எல்லாம். எடுத்துப் போய் மதகடியில் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டார். "ஒண்ணு உட்டுட்டீங்க சார்."

"என்னது?"

"மழ வருமான்னு எனக்கும் தெரியாதுன்னு சொன்னேனே. அதயும் எழுதுங்க."

எனக்கு அதைச் சேர்க்கத் தோன்றவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

கார்த்திகை 14

கூட்டம். ஆள் மாற்றும் பேச்சு எடுப்பதற்குள் எழுந்து படித்துவிட்டேன்.

"இப்போ இது எதுக்கு மாப்ள?" என்றார் மாமா.

கடைமடைக்காரர் கோவிந்தன் எழுந்தார். "ஒரு வரிசதான் எடுக்கச் சொன்னாரா? அன்னிக்கே இத சொல்லியிருந்தா நான் அவருக்குத்தான் கை தூக்கியிருப்பேன். ஏன் சார் சொல்லல?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அவசரத்துல விட்டுப்போச்சு" என்றேன்.

அறுவடை வரை ஏழுமலையே இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடித்தார்கள். அதுவரைக்கும்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தை. அவசரம். என்ன அவசரம்?

கார்த்திகை 15

பனி. குளிக்காமலே கிளம்பிப் போனேன். ஏழுமலை வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"அவசரத்துல விட்டுப்போச்சுன்னு நேத்து சொன்னேன். அது பொய். தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்."

"தெரியும் சார். அன்னிக்கே தெரியும்."

"அப்போ கூட்டத்துலயே எழுந்து சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

காம்பைத் தரையில் குத்திப் பார்த்தார்.

"நான் இன்னா சொன்னாலும் பயத்துல சொல்றான்னுதானே நெனப்பாங்க. அத நீங்க முன்னயே சொல்லிட்டீங்களே."