கோடு போட்ட மீன்

மார்ச் 4
கட்டுரையை அனுப்பியாயிற்று. ஓடையில் நான் பிடித்த மீன் புது இனம்; உடம்பு நீளத்துக்கும் கறுப்புக் கோடுகள். அதனால் அறிவியல் பெயரில் ‘விட்டாட்டா’ – இலத்தீனில் கோடு போட்டது. ஆய்வகத் தலைவர் தன் பெயரை வைக்கச் சொல்லி ஜாடைமாடையாகப் பேசிப் பார்த்தார். அவர் உடம்பில் கோடு இல்லையே!

இது அச்சில் வந்தால்தான் எனக்கு ஆய்வகத்தில் வேலை நிரந்தரம். மற்ற மீன்களெல்லாம் புட்டியில் ஊறுகின்றன. ஒன்று மட்டும் உயிரோடு, என் மேசைத் தொட்டியில்.

மார்ச் 27
கோடு மங்கலாகத் தெரிகிறதே? விளக்குதான் சரியில்லை. மாற்றினேன்.

மார்ச் 28
விளக்கு இல்லை.

ஏப்ரல் 9
பயந்தால் மீன் வெளிறும் என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. ஒளிந்துகொள்ளக் கல் வைத்தேன், தண்ணீர் மாற்றினேன். அது மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு நிம்மதியாக இருக்கிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 16
கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் ஊரெல்லாம் தம்பட்டம். மாமியார் கூப்பிட்டு வாழ்த்தினார். நான் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 17
அளந்தேன். மீன் இரண்டு மடங்காகிவிட்டது, கோடு சுத்தமாக இல்லை. அச்சு அசலாக, அதே ஓடையில் வலை போட்டால் கூடை கூடையாக வரும் பழுப்பு மீன். புட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். அத்தனையும் சின்னது. ஒன்றுகூடப் பெரிசில்லை – அது ஏன்னு ஒரு தடவையாவது யோசிச்சியாடி? குஞ்சைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, புது இனமாம், பேராம்!

தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “அந்த ஒண்ணு செத்துப்போச்சுன்னு வச்சுக்கம்மா. யாரு கேக்கப்போறா?”

மே 3
யாரும் கேட்கமாட்டார்கள்தான். வலையைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிமுன் நின்றேன். தீனி என்று நினைத்து வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தது. தீனியைப் போட்டேன். வேறென்ன செய்ய?

மே 5
ஓடையிலிருந்து நாலைந்து பெரிய பழுப்பு மீன்களைக் கொண்டுவந்து தனித் தொட்டியில் விட்டேன். குஞ்சு பொரிக்கட்டும். கோடு இல்லாமல் பிறந்தால் நான் பிழைத்தேன்.

ஜூன் 11
குஞ்சுகள்! கண்ணாடிபோல் இருக்கின்றன. ஒன்றும் தெரியவில்லை. உட்காரவும் முடியவில்லை.

ஜூலை 30
கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நிரந்தர வேலை பக்கத்து மேசைக்காரிக்குப் போயிற்று. கழிப்பறையில் போய் அழுதேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கூப்பிட்டுப்போக வந்தவர், குஞ்சுகளின் தொட்டிக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். “நீ வச்ச பேரு இதுங்களுக்கு இன்னும் கொஞ்ச நாளைக்குப் பொருந்தும், விடு” என்றார்.

எல்லாக் குஞ்சுக்கும் கறுப்புக் கோடு, தலையிலிருந்து வால்வரை. அழகாகத்தான் இருக்கின்றன, சனியன்கள்.