கேட்டுக்கொண்டு கிடந்தவன்

ஒரகடம் கம்பெனியில் இன்று முதலுதவி வகுப்பு. மூச்சு கொடுக்கும் ரப்பர் பையை என் கையில் திணித்து, "அமுக்குங்க சார்" என்றாள் பயிற்சி தர வந்த பெண். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் பையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். தொண்ணூற்றொன்றில் அந்தப் பை உன் கையில் இருந்தது. என் உயிரும்தான்.

நாம் இருவரும் தங்கியிருந்த சுங்குவார்சத்திரம் அறையில், தரையில் தூங்கிய என்னைக் கட்டுவிரியன் எப்போது கடித்ததென்று எனக்கே தெரியாது. காலையில் டீக்கடையில் என் இமைகள் தானாக இறங்கின. "இன்னாடா, குடிக்காமலே மட்டையாயிட்ட?" என்று கிண்டல் செய்தாய். நான் பெஞ்சிலிருந்து சரிந்ததும்தான் பதறிப்போய் ஒரு வேனை மறித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாய்.

விஷமுறிவு மருந்து ஏறும்போதே மூச்சு நின்றது. டாக்டர் தொண்டையில் குழாய் இறக்கி, பையை உன்னிடம் கொடுத்தார். "இங்க மெஷின் இல்லப்பா. மெட்ராஸ் போற வண்டி வர வரைக்கும் நிறுத்தாம அமுக்கு."

எனக்கு எல்லாம் கேட்டது. அதுதான் கொடுமை. விரல் அசையவில்லை, கண் திறக்கவில்லை. விஷம் என்னை என் உடம்புக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தது. ஊரிலிருந்து ஓடி வந்த என் அண்ணன் இமையைப் பிரித்துப் பார்த்து அழுதார். "உசுரு கீறப்பவே வூட்டுக்கு எடுத்துக்கினு பூடலாம். வுட்ருப்பா." அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் உயிர் சொந்த வீட்டில்தான் பிரிய வேண்டும். 'அண்ணே, நான் இருக்கேன்' என்று கத்தினேன். சத்தம் எனக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அண்ணே, நான் கைய எடுத்தா இவன் செத்தான். என் கைய வெட்டிட்டு இட்டுக்கினு போ" என்றாய் நீ.

பிறகு என்னிடம் பேச ஆரம்பித்தாய். நம் கம்பெனி சூப்பர்வைசரைத் திட்டினாய், என் குறட்டையைத் திட்டினாய். "கை வலிக்குதுடா, எழுந்து தொலையேன்" என்று கெஞ்சினாய். வண்டி மெட்ராஸ் சேரும்வரை வாய் ஓயவில்லை. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

தேறிய பிறகு கேட்டேன், எனக்குக் காது கேட்கிறதென்று எப்படித் தெரியும் என்று. "எனக்கு இன்னா தெரியும்? பேச்ச நிறுத்தினா பயமா இருந்துச்சு" என்றாய்.

போன மாதம் மூளையில் ரத்தம் கசிந்து நீ கிடந்தாய். மூச்சை மெஷின் பார்த்துக்கொண்டது. "அவருக்கு எதுவும் கேக்காது சார்" என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. கடைசிவரை உன் காதோரம் உளறிக்கொண்டே இருந்தேன்.

கேட்டிருந்தால், நீ உள்ளே எப்படித் தவித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை என்றால், யாருமே இல்லாமல் போய்விட்டாய். இரண்டில் எதை நான் வேண்டிக்கொள்ளட்டும்? நீதான்டா சொல்லணும்.