உச்சி வெயிலில் கண்மூடி நடந்தோம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும், அவரை விட்டுப் பிரியாத முட்டிவலியும் இங்கே நல்லா இருக்கோம். நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கறீங்கன்னு நம்பறேன். முதல்ல சேதியைச் சொல்லிடறேன், இல்லைன்னா எனக்குத் தலை வெடிச்சிடும். ஜெயிச்சுட்டேன்டா!

போன வாரம் போன்ல அழுதேனே, ஞாபகம் இருக்கா? ஞாயித்துக்கிழமைகள்ல நான் ஆட்களைக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக்காட்டற அந்தப் பழைய உழவு வயலை, அதோட சொந்தக்காரர், அதான் நம்ம உம்மணாமூஞ்சி, புல்டோசர் விட்டுச் சமப்படுத்தப் போறேன்னுட்டார். எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி மாடு பூட்டி உழுது உழுது, மண்ணை நடுவுல தள்ளித் தள்ளி, வரிசை வரிசையா எழும்பின மேடுங்க. அப்புறம் ஆடு மேய விட்டதால புல் மூடித் தப்பிச்சுது. அதுவே போயிட்டா எனக்கு இந்த ஊர்ல என்ன வேலை, வீட்டைப் பூட்டிட்டு உன்கிட்டயே வந்துடறோம்னு சொன்னேன். நீயும் சந்தோஷமா எங்களுக்கு ரூமுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சுட்டே. ஆனா மனசு கேக்கலை. ஒரே ஒரு தடவை எங்களோட நடந்து பாருங்க, அப்புறம் என்னவோ பண்ணிக்கோங்கன்னு அவர்கிட்டயே போய் நின்னேன். முகத்துல அடிச்ச மாதிரி பேசி அனுப்பிடுவான், போகாதேன்னார் உங்கப்பா. உம்மணாமூஞ்சியோ, வரேன், ஆனா மத்தியானம்தான் நேரம்னார். நானும் தலையாட்டிட்டேன்.

வயல்ல போய் நின்னப்புறம்தான் மத்தியானத்துக்குத் தலையாட்டினது தப்புன்னு புரிஞ்சுது. சாயங்கால வெயில் சாய்ஞ்சு விழுந்தாத்தான் பள்ளத்துல நிழல் கட்டி மேடு தெரியும். உச்சி வெயில்ல ஒண்ணுமே இல்லை, இஸ்திரி போட்ட மாதிரி வெறும் புல்லு. அன்னிக்கு என்னோட சுத்திப் பார்க்க வந்தவங்கள்ல ஒரு பல் டாக்டரம்மா சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, எங்கேங்க இருக்குன்னு கேக்கறாங்க. உம்மணாமூஞ்சி வாட்சைப் பார்க்கறார். எனக்கு வந்ததே கோபம்! எல்லாரும் கண்ணை மூடுங்க, கையைக் கோத்துக்கோங்க, குறுக்கே நடங்கன்னு நான் பஸ் ஓட்டின காலத்துக் குரல்ல ஒரு அதட்டல் போட்டேன். நடந்தாங்க. காலு ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. ஐயோ, படகுல போற மாதிரி இருக்கேன்னு டாக்டரம்மா கத்தறாங்க. உம்மணாமூஞ்சி கண்ணைத் திறக்கவே இல்லை. அந்தக் கோடி வரைக்கும் போய், திரும்பி, தனியா இன்னொரு தடவை நடந்தார். பிறந்ததுலேர்ந்து இங்கேதான் இருக்கேன், டிராக்டர்ல உட்கார்ந்தே போயிட்டேன்மா, குறுக்கே நடந்ததே இல்லைன்னார். மேடெல்லாம் முனையில ஏன் வளையுதுன்னு கேட்டார். அந்தக் காலத்துல ஒரே ஏர்ல பூட்டின எட்டு மாட்டைத் திருப்பணும்னா முன்கூட்டியே வளைச்சாகணும், நீள பஸ்ஸைத் திருப்பறதும் அப்படித்தான்னேன். சிரிச்சார்டா! அந்த மனுஷனுக்குப் பல்லு இருக்குன்னே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அங்கேயே போனை எடுத்து, புல்டோசர் வர வேண்டாம்னுட்டார். வயல் கேட்டோட சாவி ஒண்ணையும் என் கையில குடுத்தார். சேதி கேட்டு உங்கப்பா முட்டிவலியை மறந்து ஓடி வந்தார்னா பார்த்துக்கோயேன்.

அதனால கோவிச்சுக்காதே. பெயிண்ட் அடிச்ச ரூம்ல மருமகள் அவளோட தையல் மெஷினைப் போட்டுக்கட்டும். நாங்க வரலை, நீங்க வாங்க. வரும்போது தட்டையான ஷூ எடுத்துக்கோ, மறந்துடாதே. ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாம நீடூழி நல்லா இருங்க. வயல் எங்கேயும் போகாது. நீ கண்ணை மூடிக்கோ, கையை நான் பிடிச்சுக்கறேன்.

இப்படிக்கு,
சாவி வச்சிருக்கிற உன் அம்மா