மாடியில் ஒரு வழக்கு, கீழே ஒரு வழக்கு

விர்பசார்,
மார்ச் 9

அன்புத் தங்கை ரொசாந்தாவுக்கு, அக்கா விதோசாவா எழுதுவது. வியன்னாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டபாடில்லை. ஏரித் தண்ணீர் கீழ்த் தோட்டம்வரை ஏறிவிட்டது. என் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

படிக்காமல் கிழித்துவிடாதே. மூன்று வருடமாக நாம் பேசவில்லை. ஆனால் அப்பாவின் வீட்டுக்காக என் தம்பி, உன் அண்ணன் பிளாஷோ மேல் இருவரும் வழக்குப் போட்டிருக்கிறோம். உன் பங்கைக் கேட்டு நீ போட்டது நீதிமன்ற மாடியில் நடக்கிறது. நான் குடியிருக்கும் அறையைக் கேட்டு நான் போட்டது கீழே நடக்கிறது. நான் படியேற வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் லாபம்.

போன மாதம் என் வக்கீலம்மா உன் வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மாடியில் பிளாஷோ, "வீட்ட எப்படிங்க பங்கு போடுறது? புருஷன் போன அக்கா இருபது வருஷமா அந்த அறையிலதான் இருக்கா, அவள நடுத்தெருவுலயா விடுறது?" என்று உருகியிருக்கிறான். கீழே என் நீதிபதியிடமோ, "அவ எங்க இங்க இருந்தா? விருந்தாளியா வருவா, ரெண்டு நாள் தங்குவா, போவா" என்கிறான். இரண்டையும் ஒரே நீதிபதி கேட்டால் அவன் வாய் அடைத்துப்போகும்.

அதனால்தான் இரண்டு வழக்கையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லி இரண்டு முறை மனுக் கொடுத்தேன். உன் வக்கீல் இரண்டு முறையும் சம்மதமில்லை என்று எழுதிவிட்டார். நீதிபதி தயங்குகிறார். உன் வழக்கு முதலில் முடிந்தால் வீடு ஏலத்துக்குப் போகும், வாங்குகிறவன் என் கட்டிலைத் தூக்கி முற்றத்தில் வைப்பான். சேர்த்து விசாரித்து எனக்கு அறை கிடைத்தால் உன் பங்கின் விலை குறையும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீ ஏன் மறுக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், ராக்கியாச் சாராயக் கோப்பைகளுக்கு நடுவே பிளாஷோ காகிதத்தை நீட்டினான். பங்கு வேண்டாமென்று எழுதிக்கொடுக்கும் சகோதரிக்குத்தானே நம் ஊரில் பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும்? நான் கையெழுத்துப் போட்டேன். "ஆயுசுக்கும் அந்த அறை உனக்குத்தான்" என்றான். தம்பியிடம் யார் அதை எழுதி வாங்குவார்கள்? நீ போட மறுத்தாய். அத்தனை உறவுக்கு முன்னால், "வெக்கங்கெட்டவளே, அண்ணன் சோத்துல மண்ணள்ளிப் போடுறியே" என்று நான்தான் கத்தினேன். நீ காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனாய்.

அன்று நீ செய்ததுதான் சரி. வழக்குக்காக இப்படி எழுதுகிறாள் என்று நினைப்பாய். வழக்குக்காகவும்தான் எழுதுகிறேன். ஆனால் மூன்று வருடமாக மனதில் இதையேதான் எழுதிக்கொண்டிருந்தேன். களைத்துவிட்டேன், ரொசாந்தா. ஜெயித்தாலும் அந்த அறையில் உட்கார்ந்து யாரோடு காபி குடிப்பேன்?

இருபத்தேழாம் தேதி விசாரணை. சம்மதம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. முடிந்தால் நீயே வா. வழக்குகள் ஒன்றானால் நாம் இருவரும் பிளாஷோவுக்கு எதிரே ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். என்னோடு நீ பேச வேண்டாம். தள்ளிக்கூட உட்காரலாம்.

தேவமாதா உன் வீட்டையும் உன் வயிற்றுப் பிள்ளைகளையும் காக்கட்டும்.

உன் அக்கா,
விதோசாவா