அப்பா பெயரில் பதினொரு வரிகள்

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன், அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். பன்னிரண்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை. கோபம் வந்தால் வாயைத் திறக்காத பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, இதில் நான் யாரைக் குறை சொல்வது. நீ எடுத்திருந்தாலும் நான் இரண்டு வார்த்தையில் முடித்திருப்பேன், எழுத உட்கார்ந்தால்தான் முழுதாக வரும் என்று தோன்றியது. அத்தை போன வாரம் கிளம்பிவிட்டாள். அண்ணன் போன துக்கத்தில் சமையலறை அலமாரி முழுவதையும் மாற்றி அடுக்கிவைத்திருக்கிறாள், உப்பு டப்பாவை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை நன்றாக அழுதுவிடு என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள், ஏதோ மாத்திரையை முழுங்கச் சொல்வது போல. வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய. அப்பா காரியத்துக்கு வந்துவிட்டு நீ கிளம்பிய மறுநாளே பெயிண்ட் கடைக்குப் போய்விட்டேன். ஒருவர் சுவரிலிருந்து பெயர்ந்த சில்லு ஒன்றைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்றார், கலந்து கொடுத்தேன், அச்சாக அப்படியே வந்தது. கை அதன் வேலையைப் பார்க்கிறது. முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அழுதால் என்ன செய்வது என்று அவருக்குத்தான் பயம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். “அம்மா, வால்நட்சத்திரப் பட்டியல்ல அப்பா பேரு வந்திருக்கு. ஒரு நிமிஷம் அப்பா இருக்காருன்னே நெனச்சுட்டேன். நீதான் எழுதுறியா?” என்று அனுப்பியிருந்தாய். ஆமாம், நான்தான். வால்நட்சத்திரத்தின் வெளிச்சத்தை ஊர் ஊராகப் பார்த்து எண்ணாக அனுப்புகிறவர்களின் பட்டியலில் அப்பா பெயரில் பதினொரு நாள் எழுதினேன். நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து எங்களைப் போனில் கூப்பிட்டதைவிடக் காலையில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்ததுதான் அதிகம், அப்பா வரி வந்திருந்தால் வானமும் சரி வீடும் சரி என்று எடுத்துக்கொள்வாய் என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். அப்படிப்பட்ட பட்டியலில் நான் போய் இதைச் செய்தேன். உன்னைக் குழப்ப நினைத்துச் செய்யவில்லை. உன்னை நினைக்கவே இல்லை, அதுதான் உண்மை.

நடந்ததைச் சொல்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினாய் அல்லவா, அன்று சாயங்காலம் பொழுது இறங்கியதும் நான் மொட்டை மாடிக்குப் போனேன். ஏன் போனேன் என்றால் அந்த நேரத்துக்குப் பத்தொன்பது வருடமாக அவரோடு போகிறேன், கால் தானாகப் போய்விட்டது. லிஃப்ட் மோட்டார் அறைச் சுவருக்குப் பின்னால், தெருவிளக்கு கண்ணில் படாத இடத்தில் அவருடைய ஸ்டூல் கிடந்தது. பைனாகுலரும் நட்சத்திர வரைபடமும் அந்த அறைக்குள்தான் இருந்தன, லிஃப்ட் மெக்கானிக் என்பதால் சாவி எப்போதும் அவரிடம்தானே. வரைபடத்தில் வால்நட்சத்திரம் எந்தத் தேதியில் எங்கே நிற்கும் என்று சுற்றுப்பாதைக் கணக்கைப் பார்த்து மாதம் முழுவதற்கும் பென்சிலால் குறி போட்டு வைத்திருந்தார். அவர் இறந்துபோன செவ்வாய்க்கிழமைக்கு ஒரு குறி, அதற்கு அடுத்த நாளுக்கு ஒன்று, அடுத்த நாளுக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தது. ஞாயிறு குறியைப் பார்த்துப் பைனாகுலரைத் திருப்பினேன், வால்நட்சத்திரம் அங்கேயே நின்றது. எப்போதும் செய்கிற மாதிரி பக்கத்து நட்சத்திரங்களை வால்நட்சத்திரத்தின் தலை அளவுக்கு உப்பித் தெரியும்வரை பைனாகுலரைத் திருகிக் கலங்கலாக்கி, இதைவிட மங்கல், அதைவிட வெளிச்சம் என்று நடுவில் வைத்து ஒரு எண் எடுத்தேன். கடையில் நிற அட்டை இரண்டுக்கு நடுவே சில்லை வைத்துப் பார்ப்பதுதானே இதுவும். ஆறு புள்ளி ஆறு. கீழே வந்து கணினியைத் திறந்தால் படிவத்தில் அவர் பெயர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. எண்ணையும் தலையின் அகலத்தையும் மட்டும் போட்டு அனுப்பிவிட்டேன். முதல் நாள் தெரியாமல் நடந்தது. இரண்டாம் நாள் தெரிந்தே செய்தேன்.

எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் என்ற அந்தத் தலைகீழ்க் கணக்கில் என் எண் எப்போதும் அவருடையதைவிடப் புள்ளி மூன்று கூடுதலாக வரும், அதாவது எனக்கு எல்லாம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். என்னைப் பார்த்தாலும் உனக்கு அப்படித்தானே தெரிகிறது என்பார், பளிச்சென்று இருந்தால் தெரியாதா என்பேன். இரண்டாம் நாள் எனக்கு ஆறு புள்ளி ஏழு. அதில் அந்தப் புள்ளி மூன்றைக் கழித்து, அவர் பார்த்திருந்தால் என்ன வந்திருக்குமோ அதைப் போட்டேன். பிறகு தினமும் அப்படியே. காலையில் பட்டியலில் அவர் பெயர் இருக்கும், நான் கடைக்குக் கிளம்பிவிடுவேன். எனக்கு அது பொய் என்று தோன்றவில்லை, துக்கமாகவும் தோன்றவில்லை, சாயங்கால வேலை ஒன்று முடிந்தது என்று மட்டும் இருந்தது. பதினோராம் நாள் மேகம். ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை. மாடியில் அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கீழே வந்து, முந்தின நாள் எண்ணோடு புள்ளி ஒன்றைக் கூட்டி ஆறு புள்ளி ஆறு என்று அவர் பெயரில் அனுப்பினேன். பார்க்காமல் எழுதினேன், பொடிசு. அவர் காய்ச்சலோடு மாடியேறியிருக்கிறார், ஆனால் பார்க்காத எண்ணை ஒருநாளும் எழுதியதில்லை. அன்று பார்த்து அந்த வால்நட்சத்திரம் திடீரென்று வெடித்துப் பிரகாசமாகிவிட்டது, வானம் தெளிவாக இருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் ஐந்து புள்ளி ஒன்று, ஐந்து என்று எழுதியிருந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் நீயும் அத்தனை நாள் கழித்துப் பட்டியலைத் திறந்தாய் என்று நினைக்கிறேன். எனக்கும் காலையில்தான் தெரிந்தது. உன் அப்பா பெயருக்குப் பக்கத்தில், நம்ப முடியாத எண் என்று, ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் அவருக்கு ஒன்றுகூட விழுந்ததில்லை. அவர் போன பிறகு நான் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றே பட்டியல் தொகுப்பவரைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதல் நாளே வேறு கண் என்று கண்டுபிடித்திருக்கிறார், எண்ணை வைத்து மட்டும் அல்ல, தலையின் அகலத்தை அப்பா எப்போதும் பெரிதாக எழுதுவார், நான் சின்னதாக எழுதியிருந்தேன், அதை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. “சாருக்கு ஒடம்பு சரியில்ல, அவங்க வீட்டம்மா பாத்துக் குடுக்கறாங்கன்னு நெனச்சேன். தேறி வந்துருவாருன்னு விட்டுட்டேம்மா” என்றார். அப்பா போன தகவலை அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த எண்களை வைத்து வெளிச்சம் எப்படி ஏறி இறங்கியது என்று கோடு வரைகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படியே விட முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, கழித்த புள்ளி மூன்றை ஒன்பது எண்களில் திரும்பக் கூட்டிக் கொடுத்தேன். முதல் நாள் எண் அப்படியே. இப்போது பத்து வரியும் என் பெயரில் இருக்கின்றன, பதினோராவது வரியை அடித்துவிட்டார்கள், கேள்விக்குறியும் அதோடு போய்விட்டது. அப்பாவின் கடைசி வரி அந்தத் திங்கட்கிழமை, ஆறு புள்ளி நாலு. அதற்குக் கீழே அவர் பெயர் இல்லை. நானே சொல்லி எடுக்க வைத்தேன். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டபோதுகூட எனக்கு அவர் இருக்கிறாரா இல்லையா என்று ஒன்றும் உறைக்கவில்லை, பட்டியலைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தபோது உறைத்தது. அப்போதும் அழவில்லை. நெஞ்சில் ஈரச் சாக்கைப் போட்ட மாதிரி இருந்தது, இப்போதும் அப்படியே இருக்கிறது.

நீ ஒரு நிமிடம் அவர் இருக்கிறார் என்று நினைத்தாயே, அந்த ஒரு நிமிடத்தை உனக்குக் கொடுத்துவிட்டுப் பிடுங்கியவள் நான். அது தப்பு. மன்னித்துவிடு என்று கேட்டால் உடனே மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதனால் கேட்கவில்லை, உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது. குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாயாம், அவர் இல்லை என்று அதைத் தட்டிக்கழிக்காதே. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் பிஸ்கட் தின்கிற வேலை வேண்டாம். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அப்பா ஆசீர்வாதமும் சேர்த்து நானே சொல்கிறேன்.

தினமும் மாடிக்குப் போகிறேன், என் கண்ணுக்குத் தெரிவதை என் பெயரில் எழுதுகிறேன். வெடித்த வெளிச்சம் அடங்கிவிட்டது, நேற்று ஏழு புள்ளி எட்டு, தூரப் போய்க்கொண்டிருக்கிறது, இந்தப் பாதையில் போவது இனித் திரும்பாது என்கிறார் பட்டியல்காரர். இன்னும் மூன்று வாரத்தில் பைனாகுலருக்கும் எட்டாது. அதற்குப் பிறகு அம்மா இருக்கிறாளா என்று பட்டியலைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. போனை எடு.

அம்மா